சிங்கப்பூரைத் தாண்டிய கப்பல்

அன்புள்ள கயல்,

இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய டைன் ஆற்றுப் படம் வந்து நாற்பது நாள் ஆகிறது. அதன் கீழே நீ ஒரு வரியும் எழுதவில்லை. ஆராய்ச்சி வேலை மும்முரமாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குளிர் குறையவில்லை என்று செய்தியில் பார்த்தோம். வெறும் வயிற்றோடு வெளியே போகாதே.

படத்தில் தாழ்வாகத் தெரிவது சுழலும் பாலம்தான். அங்கே முன்பு இருந்த கல்பாலம் பெரிய கப்பல்களை மறித்துக்கொண்டிருந்தது. 1876-இல் இந்தப் பாலம் திரும்பி வழிவிடத் தொடங்கிய பிறகே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் எல்ஸ்விக்கில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் பெரிய போர்க்கப்பல்களைக் கட்ட முடிந்தது. அசாமா, டோக்கிவா, இசுமோ, இவாத்தே என்ற, பக்கங்களில் எஃகுக் கவசம் போட்ட வேகப் போர்க்கப்பல்களான நான்கு கவசக் குரூசர்களும் நீ படம் எடுத்த அந்த இடத்தைக் கடந்துதான் ஜப்பானுக்குப் புறப்பட்டன. சிறு வயதில் இந்தப் பெயர்களை நீ மூச்சுவிடாமல் ஒப்பிப்பாய். இன்று அந்தக் கரையிலேயே என் மகள் கப்பல் பொறியியல் படிக்கிறாள் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

1894–95 போரில் தோற்ற சீனா கொடுத்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு ஆறு பெரும் போர்க்கப்பல்களும் ஆறு கவசக் குரூசர்களும் கொண்ட கடற்படையாகப் பெருக்க ஜப்பான் திட்டமிட்டபோது, அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டும் வசதி அதன் சொந்தக் கப்பல் கட்டும் தளங்களில் இல்லை. ஆகவே குரூசர்களில் நான்கை டைன் கரையிலும், யாகுமோவை ஜெர்மனியின் ஸ்டெட்டினிலும், அசுமாவைப் பிரான்சின் சேன் நசேரிலும் கட்டக் கொடுத்தார்கள். மூன்று நாட்டுக் கைகள் கட்டினாலும், ஆறிலும் எட்டு அங்குலப் பீரங்கிகள் ஆம்ஸ்ட்ராங் செய்தவைதான். ஒன்றில் குண்டு தீர்ந்தால் மற்றொன்றின் குண்டு பொருந்தும். எங்கே பிறந்தாலும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். உன் அண்ணனிடமாவது நீ பேசலாம், கயல். அவன் என்னிடம் எதையும் சொல்லமாட்டான்.

கசுகாவும் நிஷினும் உனக்கு நினைவிருக்கும். அர்ஜென்டினாவுக்காக இத்தாலியின் ஜெனோவாவில் கட்டிய அந்த இரண்டு கவசக் குரூசர்களை 1903 டிசம்பரில் ஜப்பான் வாங்கியது. ஜனவரியில் புறப்பட்டு, வழியில் ரஷ்யக் கப்பல்கள் கண்காணிக்க, பிப்ரவரி 16-இல் ஜப்பானின் யோகோசுகா துறைமுகம் சேர்ந்தன. அதற்குள் ரஷ்யாவோடு போர் தொடங்கிவிட்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன், அந்த இரவில், “அம்மா, நான் வந்துவிடட்டுமா” என்று நீ கேட்டபோது இந்தக் கதையைத்தான் நான் சொன்னேன். அவை பாதி வழியில் திரும்பவில்லை, போன காரியத்தை முடித்துவிட்டு வா என்றேன். நீ சரி என்றாய். அதன் பிறகு எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர நீ வேறு எதுவும் சொன்னதில்லை.

நான் உனக்குச் சொல்லாத கப்பல் ஒன்று உண்டு. உனேபி. கவசக் குரூசர் அன்று. பிரான்சின் லெ ஹாவ்ரில் கட்டிய சற்றுச் சிறிய குரூசர். 1886 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானை நோக்கிப் புறப்பட்டது; அதற்குப் பின் அதிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. தேடியும் கப்பல் கிடைக்கவில்லை, அதில் இருந்தவர்களும் கிடைக்கவில்லை. காப்பீட்டுப் பணத்தில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் சியோடாவைக் கட்டிக்கொண்டார்கள். பக்கவாட்டில் கவசப் பட்டை கொண்ட சியோடாவையே ஜப்பானின் முதல் கவசக் குரூசர் என்று சொல்வோரும் உண்டு. இருபத்தேழு ஆண்டுகள் வகுப்பில் நான் நேராகச் சியோடாவிலிருந்துதான் தொடங்கினேன். அதன் முன்கதையைச் சொன்னால், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று டீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள்; அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த நாற்பது நாளும் எனக்கு உனேபியின் நினைவுதான்.

அன்று இரவு நான் உன்னை நினைத்துப் பேசவில்லை. அடகில் இருந்த வளையல்களையும், திரும்பி வந்துவிட்டாளா என்று உன் அத்தை கேட்கப்போகும் குரலையும் நினைத்துப் பேசினேன். உன் குரல் உடைந்திருந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் கப்பல் கதை சொன்னேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

வளையல்களைச் சென்ற மாதம் மீட்டுவிட்டோம். படிப்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் நீ வரலாம். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். வர விருப்பமில்லை என்றால் அங்கேயே இரு, அதற்கும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எப்படி இருக்கிறாய் என்பதை உள்ளது உள்ளபடி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா