மாத்திரைக்கு முன் பரிசோதனை

ஆசிரியருக்கு,

2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த மாவட்ட மருத்துவமனைப் புற்றுநோய்ப் பகல்நேர மையங்கள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். கட்டில், ஊசி எல்லாம் சரி. பரிசோதனைக்கு என்ன வழி? பெரியவர்களுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்ட 'பிலடெல்பியா' வகை இருக்கும். முன்பெல்லாம் டாக்டர்களே உதடு பிதுக்கிய வகை. கீமோவோடு இமாடினிப், டாசாடினிப் மாத்திரைகளும் சேர்ந்தபின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் மருந்து நிறுவனமான நோவார்டிஸின் இமாடினிப் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தபின், உள்நாட்டு இமாடினிப் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கிறது.

ஆனால் எந்த வகை என்று தெரிந்தால்தானே மாத்திரை? இதே நோய் வந்த என் தம்பியின் எலும்பு மஜ்ஜை மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர 19 நாள் ஆனது. மாத்திரை அட்டை கைக்கு வந்தபோது, வாரம் ஒன்றாகப் போடும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியில் மூன்று முடிந்திருந்தது. ஒவ்வொரு மையத்தையும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தோடு இணைத்து, பிலடெல்பியா வகையா என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) பரிசோதனை முடிவை ஒரு வாரத்துக்குள் தர அரசு ஏற்பாடு செய்யலாம். அப்புறம், அந்த மாத்திரைகள் மையத்தின் மருந்தகத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும்.

– ஒரு வாசகி, தென்காசி