முழுக வார்ப்பதற்கு முன்

பாரிஸ்,
ஜூன் 14

அன்பின் மலருக்கு,

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உன் கடிதத்தை வாசித்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு மகனும் மருமகளும் வருகிறார்கள் என்ற வரியில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடம் அந்தப் பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கவில்லை! மருமகளின் ஆமினாத்தா என்ற ஆபிரிக்கப் பெயரை நீ மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறாய். வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாய் என்று விளங்கியது.

அதற்கு நடுவில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ‘பிள்ளையின் முடி நேராக, வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நுனி காய்ந்து முறிகிறதாம். மூன்று கிழமை என் கையால் எண்ணெய் வைத்து, அரப்பு அவித்து முழுக வார்த்தால் சரியாகிவிடும்.’ அதைப் படித்த பிறகு மற்ற விசேடங்களை எழுதக் கை ஓடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் இடம் உனக்குத் தெரியும். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்தால் கால் மணி நேரத்தில் ஷாத்தோ தோ வந்துவிடும். நம்முடைய புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் முடிந்து, ஆபிரிக்கப் பெண்களின் சலூன்கள் தொடங்கும் இடம் அது. மெட்ரோப் படியில் ஏறி வரும்போதே, ‘தாந்தி, பின்னல் வேண்டுமா?’ என்று பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். அந்தத் தெருவில் ஒரு முடிப்பொருள் கடையின் கல்லாவில் 19 வருடமாக நிற்கிறேன். படித்துக் கற்றது குறைவு. பக்கத்துச் சலூனில் வேலை செய்யும் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆவா அக்காவின் கையைப் பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

உன் மருமகளின் முடி பிறப்பிலேயே நேரானது அல்ல, மலர். தெஃப்ரிசாஜ் செய்த, அதாவது மருந்து போட்டு நேராக்கிய முடி அது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ரிலாக்ஸர் என்பார்கள். நீ ஊரில் கோஸ்டிக் சோடா என்று அறிந்திருப்பாயே, சவர்க்காரம் காய்ச்சுவதற்குப் போடுவது, அதே சோடியம் ஹைட்ரொக்சைட்டைக் களிம்பில் கலந்து முடியில் பூசுகிறார்கள். முடி முழுவதும் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிணைத்து வைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்புகளும் முடி முளைக்கும் துவாரத்தின் வளைவும் சேர்ந்துதான் முடிக்குச் சுருள் தருகின்றன. சோடாவின் காரம் பட்டதும் பிணைப்பு அறுந்து, ஒரு கந்தகம் வெளியேறி, மற்றதைக் கொண்டு வேறொரு பிணைப்பு உண்டாகிறது. பழைய நிலைக்கு அது திரும்பவே திரும்பாது. எண்ணெயாலும் திரும்பாது, அரப்பாலும் திரும்பாது. முறிந்த நுனியைக் கத்தரித்துவிடுவது ஒன்றுதான் வழி. மிச்சமிருப்பதை முறியாமல் காப்பாற்றுவதற்குத்தான் மற்ற எல்லாப் பராமரிப்பும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக அடியில் புதுமுடி வரும். அது சுருளாகவே வரும். ஆகவே ஒரே மயிரில் அடிப்பாகம் சுருள், மேற்பாகம் நேர். இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஆகப் பலவீனமானது. ஆவா அக்கா ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் ஈர முடியில் ஒற்றை இழையை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பிச் சுருங்கும். அது பிசினைப் போல நீண்டுகொண்டே போய், சத்தமில்லாமல் அறுந்தது. அறுந்த இடம் சரியாக அந்தச் சந்திப்பு. ‘இதை வெறும் ஈரத்தில் சீவவே கூடாது’ என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். அந்தப் பெண் கண்ணாடியில் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை.

அதனால் அரப்பு வேண்டாம். எவ்வளவு அரித்தாலும் திப்பி முடிக்குள் நிற்கும். அதை எடுக்கத் தேய்க்க வேண்டும், உதற வேண்டும், பிறகு சிக்கெடுக்க வேண்டும். நம்முடைய தடித்த முடி தாங்கும், அவளுடையது தாங்காது. தேசிக்காய் தேய்ப்பதும் வேண்டாம். மருதாணியைக் கையில் போட்டு விடு, தலையில் வேண்டாம்.

எண்ணெய் மட்டும் உன் பக்கம்தான். தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. பல எண்ணெய்கள் முடியின் மேலே பூச்சாக நிற்கும்போது, இது மயிரின் உள்ளே இறங்குகிறது. கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. இதை ஆய்வுகூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடையில் ஷியா வெண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், உங்கள் வளவில் கொப்பரா காய்ந்த மணம் வந்து போகும். ஆனால் நீ எங்கள் தலையில் வைப்பதுபோல உச்சியில் ஊற்றி அரக்கித் தேய்க்காதே. கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி எடுத்து, முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவு. போதும்.

கழுவுவது கிழமைக்கு ஒரு தடவை. வெதுவெதுப்பான தண்ணீர். ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்த்து, நுரையை முடி வழியே வழிய விட வேண்டும். முடியைச் சுருட்டி உச்சியில் குவித்துத் தேய்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அது கூடாது. பிறகு கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது வழுக்கலாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். துவாயால் உதறித் துடைக்காமல், பழைய பருத்திச் சட்டை ஒன்றில் ஒற்றி எடுக்கலாம். ஈரம் இருக்கும்போதே, பிறகு கழுவத் தேவையில்லாத கிறீமைத் தடவி, அதன்மேல் நான்கு சொட்டு எண்ணெய். தண்ணீர் முதல், எண்ணெய் பிறகு. காய்ந்த முடியில் எண்ணெய் மட்டும் பூசினால் பளபளப்புத்தான் வரும், ஈரம் வராது.

இனித் தண்ணீர். நம் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல முடியிலும் படியும். பாரிஸ் தண்ணீரும் அப்படித்தான். அவள் பாவிப்பது ‘சோடா இல்லாதது’ என்று பெட்டியில் போட்டிருக்கும் வகையானால் இன்னும் கவனம் தேவை. அந்த வகையில் கல்சியம் ஹைட்ரொக்சைட்டையும் குவானிடின் கார்பனேற்றையும் அந்த நேரத்தில் கலப்பார்கள். தலைத்தோலில் எரிவு குறைவு. ஆனால் கல்சியம் முடியில் தங்கி அதை வைக்கோலாக்கிவிடும். அதைக் கழற்ற, கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்ந்த ஷாம்பு ஒன்றை மாதத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது. உன் மருமகள் நுனி காய்கிறது என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் கொடு.

பொருள் வாங்கும்போது போத்தலின் முன்பக்கத்தை நம்பாதே என்று கடைக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன். பின்பக்கத்தில் முதல் ஐந்து பெயர்களைப் பார்த்தால் போதும், கூடுதலாக இருப்பது முன்னுக்கு நிற்கும். கண்டிஷனரில் தண்ணீருக்குப் பிறகு சீட்டைல் அல்ககோல் என்று இருந்தால் பயப்படத் தேவையில்லை. அது மெழுகைப் போன்றது, முடியை மிருதுவாக்கும். ஐசோபுரோப்பில் அல்ககோல் முன்னுக்கு இருந்தால் திருப்பி வைத்துவிட வேண்டும், அது உலர்த்தும். ஷாம்புவில் சோடியம் லோரில் சல்பேற் முன்னால் நின்றால் இந்த முடிக்குக் கடுமை. முடி பிசின்போல நீள்கிறதென்றால் கெரட்டின் சேர்ந்த கண்டிஷனர் தேவை. விறைத்துச் சட்டென்று முறிகிறதென்றால் புரதம் கூடிவிட்டது, ஈரம் தேவை. இதை ஒரு இழையில் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவதில்லை. விலை கூடியதெல்லாம் நல்லது என்பதும் இல்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்கிறேன். ஊரில் எந்த சலூனிலும் அவளுக்கு ரிலாக்ஸர் போட விடாதே. எட்டு முதல் பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறை, புதிதாக வந்த அடிமுடிக்கு மட்டும், தலைத்தோலுக்கு வாஸ்லீன் பூசிவிட்டுப் போட வேண்டிய பொருள் அது. ஏற்கெனவே நேராக்கிய பாகத்தில் மறுபடி பட்டால் முடி நைந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி வீட்டுப் பாவனைக்கு 2 சதவீதம், சலூனுக்கு 4.5 சதவீதம் என்று சோடாவுக்கு வரம்பு இருக்கிறது. ‘பார்வையைப் பறிக்கக்கூடும்’ என்று பெட்டியில் அச்சடித்தே ஆக வேண்டும். அப்படியிருந்தும், சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு சலூனில் ஒரு இளம்பெண், ‘எரிகிறது, எரிகிறது’ என்று சொல்லச் சொல்ல, ‘எரிந்தால்தான் பிடிக்கும்’ என்று இருத்தி வைத்திருந்தார்கள். அழுதுகொண்டு எங்கள் கடைக்குள் ஓடி வந்தாள். காதுக்குப் பின்னால் தோல் உரிந்து நீர் வடிந்தது. ஆவா அக்காதான் பின்னறைத் தொட்டியில் நீண்ட நேரம் தண்ணீர் ஊற்றி, பிறகு காரத்தை முறிக்கும் ஷாம்புவைப் போட்டார். காரம் மிச்சம் இருக்கும் வரை அந்த நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். மூன்று தடவை சிவந்து, நான்காவது தடவைதான் வெள்ளை நுரை வந்தது. எரிவு என்றால் காயம், மலர். அது மருந்து பிடிக்கிற அடையாளம் அல்ல.

ஆமினாத்தா வருவதற்கு முன் போடுவதானால் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக முடித்துவிடட்டும். இல்லையென்றால் இறுக்காமல் பின்னிக்கொண்டு வரட்டும். நேராக்கிய முடியை இறுக்கிப் பின்னினால் நெற்றியோரம் வழுக்கையாகலாம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவப் பேராசிரியர் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோ இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார்.

‘இது உடம்புக்கு ஆபத்தில்லையா?’ என்றும் கேட்டிருந்தாய். மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. முடி நேராக்கும் பொருள்களைப் பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவது 1.64 சதவீதம் என்றும், வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 சதவீதம் என்றும் அதில் கணக்கிட்டிருந்தார்கள். பொருள்தான் நோயைத் தந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. தொடர்பு தெரிகிறது என்றது. ஆனாலும் அதன் பிறகு, மகளுக்கு என்று பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெட்டி வாங்க வரும் தாய்மாரிடம் ‘கொஞ்சம் பொறுங்களேன்’ என்று சொல்லாமல் என்னால் விற்க முடிவதில்லை. முதலாளிக்கு அது பிடிக்காது. ‘பிரேசில் முறை’ என்று இன்னொன்றும் விற்கிறார்கள். அதில் சிலவற்றில் உள்ள கிளையொக்சிலிக் அமிலத்தால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் இங்கே அரச நிறுவனமான ஆன்செஸ், அதைப் பாவிக்க வேண்டாம் என்றே அறிவித்தது.

இதையெல்லாம் நீ அவளிடம் சாப்பாட்டு மேசையில் எடுத்துச் சொல்லிவிடாதே. அவளுக்குத் தெரியாதது அல்ல. அந்தப் பிள்ளைகள் ஏன் செய்கிறார்கள் என்று நானும் ஆரம்பத்தில் யோசித்ததுண்டு. நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் பெட்டி வாங்க வருகிறவர்களை 19 வருடம் பார்த்த பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது. முடியை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு சட்டமூலத்தைப் பிரான்ஸ் தேசிய சபை 2024 மார்ச்சில் நிறைவேற்ற வேண்டியிருந்தது என்றால் பார். அதைக் கொண்டுவந்தவர் குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா. அவள் நேராகவே வைத்திருக்கட்டும், ஒருநாள் விட்டுவிட்டுச் சுருளாக வளர்க்கட்டும். அவளாகக் கேட்டால் உன் கையால் எண்ணெய் தடவிவிடு. அந்தக் கேள்வி அவளிடமிருந்து வரட்டும்.

கோயில் வீதியிலும் வீட்டிலும் எல்லோரும் தொட்டுப் பார்க்க வருவார்கள். உன் மச்சாள் கட்டாயம் ‘இது சொந்த முடியா?’ என்று இழுத்தே பார்ப்பாள். அந்தக் கைகளை நீதான் தடுக்க வேண்டும். ஒரு தடவை நீ தடுப்பதை அவள் கண்டாலே போதும், உன்னிடம் ஒட்டிக்கொண்டுவிடுவாள். கீரிமலைக் கேணிக்கோ கசூரினா கடலுக்கோ போனால், இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரால் முடியை நனைத்து எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல். ஏறியதும் நல்ல தண்ணீரால் அலசிவிடச் சொல். நனைந்த முடி உப்பைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

என் பக்கத்தில் விசேடம் பெரிதாக இல்லை. முழங்கால் வலிக்கிறது, நாள் முழுக்க நிற்கிற வேலை. சின்னவளுக்கு இந்தக் கிழமை பரீட்சை முடிகிறது. நீ ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாய். அதைச் சின்னவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அடுத்த மாதம் எங்கள் மாடியில் இருக்கும் குடும்பம் ஊருக்கு வருகிறது. அவர்களிடம் ஒரு பொதி கொடுத்துவிடுகிறேன். ஒரு அகலப் பல் சீப்பு, இடிடிஏ சேர்ந்த ஷாம்பு ஒரு போத்தல், இரண்டு சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை முடியின் ஈரத்தை இழுத்து, உராய்ந்து முறிக்கும் என்பதால் இதைத்தான் இங்கே எல்லோரும் போடுகிறார்கள். ஒன்று அவளுக்கு, மற்றது உனக்கு. அவள் வரும் நாளுக்கு முன்பே அந்த முன்னறைக் கட்டிலில் போட்டு வைத்துவிடு.

அன்புடன்,
ரஞ்சி