கொழும்பின் கைபேசிக் கடைத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியோரம், கொட்டாஞ்சேனையில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், லிபர்ட்டி பிளாஸாவின் மாடிகளில் கைபேசி விற்றும் திருத்தியும் ரீலோட் போட்டும் பிழைக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். வட்ஸ்அப் நிறுவனத்துக்கல்லவா எழுத வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அந்த நிறுவனத்தின் வாசலில் போய் நின்று கேட்க எங்களால் முடியாது. எங்கள் தொடர்மாடியில் ஓர் அம்மாவுக்கு வட்ஸ்அப் திறக்காவிட்டால் அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருவது உங்களிடம்தான். டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற பிள்ளைகளின் முகம் பார்க்க அவருக்கு வேறு வழியில்லை. பலமுறை அவர்களோடு கூட வந்து உங்கள் கடை வாசலில் நின்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: எதையும் அழிப்பதற்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்.

எங்கள் மாடியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மாவின் கைபேசிக்கு பற்றரி மாற்றப்பட்டது. அதன் பிறகு வட்ஸ்அப் திறக்க மறுத்தது. கடையில் கொடுத்தார். கைபேசி முழுவதையும் ரீசெட் செய்து, புதிதாக ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்து, வட்ஸ்அப்பை மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். வேலை செய்தது. ஆனால் இறந்துபோன கணவரின் குரல் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. அவை பழைய ஜிமெயிலில் சேமிப்பாக இருந்தன. அந்த ஜிமெயிலும் கைபேசி வாங்கிய நாளில் வேறொரு கடை திறந்து கொடுத்ததுதான். அதன் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. வட்ஸ்அப்பின் சேமிப்பு திரும்ப வர வேண்டுமானால் அதே தொலைபேசி இலக்கமும் அதே கூகுள் கணக்கும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிழை என்ன தெரியுமா? பற்றரி கழற்றியபோது திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. திகதி பிழையென்றால், இது உண்மையான வட்ஸ்அப்தான் என்று அதன் சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைக் கைபேசி ஏற்காது. இன்றைய நாளில் செல்லுபடியாகிற சான்றிதழ் அந்தப் பழைய திகதியில் இன்னும் தொடங்கியே இருக்காது. திகதியைச் சரிசெய்யச் சொல்லும் அறிவித்தல் திரையிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடையில் இருந்தவர் வாசிக்கவில்லை. அமைப்புகளில் திகதியும் நேரமும் தானாக மாறும்படி விட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

தயவுசெய்து திரையில் இருப்பதை முதலில் வாசியுங்கள். வாசித்ததை வந்தவருக்குத் தமிழில் சொல்லுங்கள்.

குறியீடு வரவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம். வட்ஸ்அப்பைப் பதியும்போது இலக்கத்தை உறுதிசெய்ய 6 இலக்கக் குறியீடு குறுந்தகவலாக வர வேண்டும், வரவில்லை. அவசரத்தில் மறுபடி மறுபடி கேட்டால் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும், சில வேளை மணிக்கணக்காக. ஆகவே கேட்பதை நிறுத்திவிட்டு அந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். மணி அடிக்காவிட்டால் சிக்கல் சிம்மில்தான். நீண்ட காலம் ரீலோட் செய்யாமல் கிடந்த சிம் செயலிழந்திருக்கலாம், அல்லது அந்த சிம் வீட்டில் வேறொரு பழைய கைபேசிக்குள் இருக்கலாம். மணி அடிக்கிறதென்றால் குறுந்தகவல் செயலியின் ஸ்பாம் பகுதிக்குள் பாருங்கள், அங்கே போய் ஒளிந்திருப்பதுண்டு. நாட்டுக் குறியீடு 94 தானா, அதன் பின்னால் இலக்கத்தின் முதல் 0 விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறுந்தகவலுக்குப் பதிலாக அழைப்பில் குறியீடு பெறும் வழியும் அதே திரையில் இருக்கிறது. கண் மங்கியவர்களுக்கு அதுவே வசதி.

கனடாவுக்குப் பிள்ளையிடம் போய்வந்தவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மகன் வாங்கிக் கொடுத்த சிம்மின் இலக்கத்தில் வட்ஸ்அப்பைப் பதிந்துகொண்டு வருகிறார்கள். இங்கே வந்து உள்ளூர் சிம் போட்டாலும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே ஓடும், யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் கைபேசி பழுதாகிப் புதியது வாங்கியதும் குறியீடு அந்தக் கனடா இலக்கத்துக்குப் போகும். அது அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தால் என்ன செய்வது? அதனால் இப்படி ஒருவர் ரீலோட் போட வந்தாலே, கணக்கு திறந்திருக்கும்போதே 'இலக்கத்தை மாற்று' என்ற வசதியால் உள்ளூர் இலக்கத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். உரையாடல்களும் குழுக்களும் அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு நீங்கள் காசு கேட்டால் நான் சந்தோஷமாகத் தருவேன்.

சில கைபேசிகளுக்கு வழியே இல்லை. ஆண்ட்ராய்ட் 4.4 பதிப்புக்கான ஆதரவை வட்ஸ்அப் 2025 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. ஸ்கைப் 2025 மே 5 உடன் மூடப்பட்டது, அதில் நுழைய முடியவில்லை என்று இன்னமும் வருபவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் உள்ளதைச் சொல்லி அனுப்புங்கள், கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்போம் என்று கைபேசியை வாங்கி வைக்காதீர்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கிய நாட்களில் எந்தக் கைபேசியிலும் பிழை இருக்கவில்லை. அப்படியொரு நாள் மறுபடி வந்தால், எதிலும் கை வைக்காமல் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

ஜிபி வட்ஸ்அப் போன்ற போலிப் பதிப்புகளை நிறுவிக் கொடுப்பதைக் கைவிடுங்கள். கணக்கு தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது என்ற அறிவித்தலோடு வருபவர்களின் கைபேசியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இதுதான் உள்ளே இருக்கும். அதை நீக்கி உண்மையான செயலியை நிறுவ வேண்டும். திரும்பவும் போலியிலேயே நுழைய முயன்றால் கணக்கே நிரந்தரமாகப் போய்விடலாம்.

இனி எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம். சில கடைகளில் மேசையில் ஒரு சீஆர் கொப்பி கிடக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், இலக்கம், ஜிமெயில், கடவுச்சொல், வட்ஸ்அப்பின் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு அவரே வைத்த 6 இலக்க இரகசிய எண்ணான பின் (PIN), எல்லாம் வரிசையாக அதில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது உதவும் என்ற நல்லெண்ணத்தில் எழுதுகிறீர்கள், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது ஒரு தெருவின் வீட்டுத் திறப்புகளை எல்லாம் ஓர் ஆணியில் மாட்டி வைப்பது போன்றது. குறியீடு வந்ததும் அதைக் கடை முழுக்கக் கேட்க உரக்க வாசிக்கச் சொல்வதும் அப்படித்தான். அதைவிட, யார் கேட்டாலும் இந்த இலக்கங்களைச் சொல்லலாம் என்ற பழக்கத்தை அந்த அம்மாவுக்கு நீங்களே கற்றுக் கொடுக்கிறீர்கள். நாளை, பரிசு விழுந்திருக்கிறது, குழுவில் சேர்க்கிறோம் என்று எவனோ அழைத்துக் குறியீடு கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். பிறகு அவர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டுச் சொந்தபந்தம் எல்லோருக்கும் செய்தி போகும்.

இப்படிக் கணக்கைப் பறிகொடுத்து அழுதுகொண்டு ஒருவர் வந்தால், உடனே அவர் கைபேசியில் அவருடைய இலக்கத்தை மறுபடி பதியுங்கள். புதிய குறியீட்டை அவர் இட்டதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன்னுடைய பின் (PIN) ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தால் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த 7 நாட்களும் அவனாலும் அந்தக் கணக்கைப் பயன்படுத்த முடியாது. இதை எடுத்துச் சொல்லுங்கள், பாதி அழுகை நின்றுவிடும். உறவினர்களுக்கு அழைத்து எச்சரிக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் பொலிஸில் முறையிடலாம் என்றும் சொல்லுங்கள், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் பின்னை வாடிக்கையாளரே இடட்டும். மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைப் போடாமல் அவருடைய மகளுடையதையோ மகனுடையதையோ கேட்டுப் போடுங்கள். ஜிமெயிலையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழுதி அவரிடமே கொடுத்து, வீட்டில் அடையாள அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியின் பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

கடைச் சுவரில் ஒட்ட, தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் இருந்தால் உங்களுக்கும் வேலை குறையும்: திகதி, சிம், 94, ஜிமெயில், குறியீட்டை யாரிடமும் சொல்ல வேண்டாம். தமிழை நான் எழுதித் தருகிறேன், சிங்களத்தை எங்கள் மாடியில் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சடிக்கும் செலவும் எங்களுடையது. வெள்ளவத்தைக் கடைகளுக்கு அடுத்த வாரம் நானே கொண்டு வருகிறேன், மற்ற இடங்களில் இருப்பவர்கள் வேண்டிய அளவு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி