டிரிப்ஸ் ஏற்றும் முன் எடை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் டெங்கு, வயிற்றுப்போக்குச் செய்திகள் தங்கள் நாளிதழில் இடம்பெறத் தொடங்கிவிட்டன. பெங்களூரு மருத்துவமனை வார்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இந்த நேரத்தில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். டிரிப்ஸ் என்பது அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஆனால், இன்றும் பல கேஸ் ஷீட்டுகளில் அது 'பகலில் மூன்று, இரவில் இரண்டு' என்று பாட்டில் எண்ணிக்கையாகத்தான் எழுதப்படுகிறது.

சென்ற ஆண்டு என் நாத்தனார் காய்ச்சலும் அசதியுமாக இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வயது 74, எடை 45 கிலோ. மறுநாள் காலை நான் போனபோது அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் ஐந்து காலி பாட்டில்கள் கிடந்தன. மாலை முதல் விடியும்வரை இரண்டரை லிட்டர் ஏறியிருந்தது. ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி போட்ட பிறகே அவர் நிலை தெளிந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். எடை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அன்று இரவு முப்பது கட்டில்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்மீது எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நானும் பல இரவுகள் நின்றிருக்கிறேன்.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. வாய்வழி எதுவும் எடுத்துக்கொள்ள முடியாத, ஆனால் நீரிழப்பு இல்லாத பெரியவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி போதும். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் என்றால் 20 முதல் 25 மில்லிதான். அந்தக் கணக்குப்படி என் நாத்தனாருக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் அளவே தேவை. அதிலும் அவர் குடித்த கஞ்சியையும் தண்ணீரையும் கழித்திருக்க வேண்டும். இனி, உப்புக் கணக்கு. நார்மல் சலைன் எனப்படும் உப்பு நீர் அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. 'குளுக்கோஸ்' என்று நாம் சொல்லும், சர்க்கரையும் உப்பும் கலந்த டி.என்.எஸ். பாட்டிலிலும் அதே அளவு உப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வகை ஐந்து பாட்டில் வழியாக ஒரே இரவில் அவர் உடம்பில் ஏறியது 22.5 கிராம்.

எந்த பாட்டில் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கடுமையான வயிற்றுப்போக்கில் ரத்த அழுத்தம் விழுந்து வருபவருக்கு ரிங்கர் லாக்டேட் என்ற பல உப்புகள் கலந்த டிரிப்ஸையோ சலைனையோ அரை லிட்டர் கால் மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டியிருக்கும். அங்கே தயங்கினால் உயிருக்கே ஆபத்து. அதே இடத்தில் வெறும் 5 சத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது உப்பில்லாத சர்க்கரை நீர் ஏற்றினால் பயனில்லை. அதிலுள்ள நீர் ரத்தக்குழாயில் தங்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிடும்; அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்தும் குறையும். 'ஒரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர், தெம்பா இருக்கும்' என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: அந்த அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். விழுங்க முடிந்தவருக்கு இரண்டு இட்லி கொடுப்பது மேல். வயிற்றுப்போக்கு உள்ளவர் குடிக்கும் நிலையில் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும்.

டெங்குவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தட்டணு (பிளேட்லெட்) குறைந்துவிட்டது என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றச் சொல்கிறார்கள். டிரிப்ஸால் தட்டணு ஏறாது. காய்ச்சல் இறங்கும் சமயத்தில் ஒன்றிரண்டு நாள் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி கசியும். ரத்த ஓட்டம் குறையாமல் இருக்க அப்போது அளவாகத் திரவம் தேவை. கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகவே ரத்தக்குழாய்க்குத் திரும்பிவிடும். அப்போதும் பாட்டில் ஓடினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே, மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்று அளக்காமல் டிரிப்ஸ் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

2024 நவம்பரில் பல்லாரியில் பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ரிங்கர் லாக்டேட்டின் தரம் குறித்துக் கேள்வி எழுந்ததை வாசகர்கள் அறிவார்கள். தரத்தைச் சோதிக்க அரசு வேண்டும். அளவைச் சோதிக்க ஓர் எடைக்கருவி போதும். அந்தக் கருவி பெரும்பாலும் வெளிநோயாளிகள் பிரிவில் நிற்கிறது. ஸ்ட்ரெச்சரில் வருபவர் அதன் பக்கமே போவதில்லை. அவருடைய எடையை உறவினரிடமாவது கேட்டு எழுதலாம்.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: டிரிப்ஸ் உத்தரவில் பாட்டில் எண்ணிக்கைக்குப் பதிலாக இத்தனை மில்லி, இத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள், தினமும் உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே மறுநாள் உத்தரவு எழுதப்படட்டும். துணைக்கு இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சீக்கிரம் முடியட்டும் என்று குழாயிலுள்ள உருளையை நீங்களே தளர்த்தாதீர்கள். சாதாரண டிரிப்ஸ் குழாய் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அரை லிட்டர் எட்டு மணி நேரம் ஓட வேண்டுமானால் நிமிடத்துக்கு 21 சொட்டுதான் விழ வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று பேனாவால் கோடு போட்டு வைப்போம். நீர் மட்டம் கோட்டை முந்திவிட்டதா என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். டிரிப்ஸ் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்பு இல்லாத வார்டுகளில் இன்றும் அதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு