அரிப்புக் கரையில் இடியும் சுவர்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் பார்க்கவேண்டிய இடங்கள் என்று யார் எழுதினாலும் மடுவும் இரணைமடுவும் வந்துவிடும். மன்னார் மாவட்டத்தில், முசலிப் பக்கத்துக் கடலோர ஊரான அரிப்பு வருவதில்லை. வந்தாலும் 'அல்லிராணிக் கோட்டை' என்று ஒரு படத்தோடு சரி. அந்த ஊரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இடம் தாருங்கள்.

மல்வத்து ஓயா என்று அநுராதபுரத்தைத் தொட்டு வருகிற ஆறுதான் எங்களுக்கு அருவி ஆறு. 164 கிலோமீற்றர் நீளம். தேக்கம் அணைக்கட்டில் கட்டுக்கரைக் குளத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு அரிப்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் மறியலிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், ஒரு தோழரோடு இந்த ஆற்றங்கரைக் காட்டைப் பிடித்துத்தான் தப்பி வந்தார். 1679 ஒக்ரோபர் 18, சனிக்கிழமை பின்னேரம், இருவரும் வந்து சேர்ந்த இடம் அரிப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்த சின்னக் கோட்டை அது.

அல்லிராணிக் கோட்டை என்பது வேறு. கொஞ்சம் தெற்கே, சிலாவத்துறைப் பக்கம், கடலோரத் திட்டியில் நிற்கிறது. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. குதிரைமலையில் ஆண்ட அல்லியரசாணியின் கதை எங்கள் அப்பாச்சிமார் சொல்லி வந்த கதை; அந்தப் பெயரை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மாளிகைக்குக் காரணமான சனங்களைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை. இந்தக் கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளான 'பார்'களுக்குக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு மூச்சு அளவு நேரம் கடலடியில் சிப்பி பொறுக்கினார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' கரையில் நின்றால்தான் தண்ணீரில் இறங்குவார்கள். அந்தக் கடல்கட்டிகளுக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது!

போன வருடம் தங்கையின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மாளிகைக்குப் போனேன். கடல் பக்கத்துச் சுவர் பாதி இல்லை. செங்கல் பாளம் பாளமாக மணலில் கிடக்கிறது. சின்னவன் ஒரு துண்டைத் தூக்கி வந்து, "பெரியம்மா, இது சங்கா?" என்று கேட்டான். செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்து. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பில் பூசியது. இருநூறு வருடம் கழிந்தும் கையில் வழுவழுவென்று இருந்தது. அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊர் இது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கடலையும் வயலையும் நம்பி வாழ்கிறார்கள். வருகிறவர்கள் பத்து நிமிடம் படமெடுத்துவிட்டுப் போகாமல், கோட்டையையும் ஆற்று முகத்தையும் பார்த்து, ஊருக்குள் ஒரு நேரச் சோறு சாப்பிட்டுப் போனால் அங்குள்ளவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

பொறுப்பானவர்களிடம் கேட்பது இரண்டே காரியம். அந்த மாளிகையின் கதையையும் சுழியோடிகளின் கதையையும் மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று. அதற்கும் முதல், அடுத்த சோழகக் காற்றுக்கு முன்னம், அந்தத் திட்டியின் அடியில் அலை தாங்கக் கருங்கல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முருங்கன்.