அல்பினோ என்று எழுதிக் கொடுத்தீர்கள், வந்தது வேறு

பெறுநர்: உரிமையாளர் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2020 அக்டோபரில் வாங்கிய '100% ஹெட் அல்பினோ' பெண் பால் பைத்தானைத் தவறான விவரத்துடன் விற்றது குறித்து

வணக்கம்.

போன வாரம் உங்கள் கடைக்கு போன் செய்தபோது எடுத்த தம்பி, "ஓனரும் நம்ம ஆள்தான் அண்ணா, தமிழிலேயே எழுதிப் போடுங்க, அவரே படிப்பார்" என்றார். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இதற்கு முன் இங்கிலீஷில் அனுப்பிய மூன்று மெயிலுக்கும் ஒரே பதிலைத்தான் ஒட்டி அனுப்பினீர்கள்: ஜெனிடிக்ஸ் என்பது லாட்டரி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடத்தில் லாட்டரி, எந்த இடத்தில் லாட்டரியே கிடையாது என்று தெரியாமல் பாம்பு விற்கிறீர்கள் என்பதுதான் என் புகாரே.

நடந்ததைச் சொல்கிறேன். 2020 அக்டோபரில் உங்களிடம் பால் பைத்தான் என்கிற சின்ன வகை மலைப்பாம்பில் ஒரு பெண் குட்டி வாங்கினேன். பார்க்க சாதாரண பழுப்பும் கறுப்புமான குட்டி. அதே நாளில் அதே போன்ற சாதாரணக் குட்டிகளை 60 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தீர்கள். இதற்கு 250 கொடுத்தேன், ஏனென்றால் டப்பாவின் மேல் '100% ஹெட் அல்பினோ' என்று எழுதியிருந்தது. அதாவது வெளியே தெரியாவிட்டாலும் அல்பினோ ஜீனின் ஒரு பிரதி உள்ளே கட்டாயம் இருக்கிறது என்று அர்த்தம். அல்பினோ என்றால் உடம்பில் கறுப்பு நிறமே உண்டாகாத பாம்பு, அப்படி வெளியே தெரிய அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு பிரதி வேண்டும். தாயின் படத்தைக் காட்டினீர்கள். மஞ்சளும் வெளுப்புமாக, சிவந்த கண்ணோடு, அழகான பாம்பு. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை, கவலைப்படாம வாங்குங்க" என்று கவுண்ட்டரில் இருந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

(மதுரையில் இருக்கும் என் அம்மா 'பால் பைத்தான்' என்று கேட்டதும் பால் குடிக்கிற பாம்பு என்றே நினைத்துவிட்டார். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது என்று விளக்கினேன். இப்போது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பாம்புக்குப் பால் வார்க்கலடா, அந்தக் கடைக்காரனுக்குத்தான் வார்த்திருக்க" என்கிறார்.)

பொன்னி என்று பேர் வைத்து, எலி போட்டு, 1500 கிராம் தாண்டும் வரை இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்த்து, ஆர்லிங்டன் ரெப்டைல் ஷோவில் வேறொருவரிடம் அல்பினோ ஆண் ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். 2023-இல் ஏழு முட்டை. இன்குபேட்டரில் 89 டிகிரி ஃபாரன்ஹீட், 58 நாள். பால் பைத்தான் முட்டை கோழி முட்டை மாதிரி ஓடு உடையாது, தோல் பை மாதிரி இருக்கும், உள்ளிருந்து குட்டி அதைக் கீறிக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டி ஒரு நாள் அப்படியே கிடக்கும். அல்பினோ என்றால் அந்த மூக்கிலேயே தெரிந்துவிடும், வெளுத்து இளஞ்சிவப்பாக இருக்கும். காலையில் மூடியைத் திறந்தால் கறுத்த மூக்கு. மத்தியானம் இன்னும் மூன்று, எல்லாம் கறுப்பு. என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து எண்ணினாள். ஏழும் கறுப்பு. சரி, நமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷம் ஓய்வு கொடுத்து 2025-இல் ஆறு முட்டை. அதிலும் ஒன்றுகூட இல்லை.

இப்போது உங்கள் லாட்டரிக்கு வருவோம். ஹெட் பெண்ணை அல்பினோ ஆணோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுகிற மாதிரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதின்மூன்று முறை சுண்டி பதின்மூன்றும் பூவாகவே விழ வேண்டும் என்றால் 8192-இல் ஒரு தடவைதான் நடக்கும். அது என் பக்கத்துக் கணக்கு. உங்கள் பக்கத்தில் லாட்டரிக்கே இடமில்லை. அல்பினோ தாயிடம் இருப்பது இரண்டும் அல்பினோ பிரதிதான், அவள் போடும் எல்லா முட்டைக்கும் அதில் ஒன்று போயே தீரும், அதனால்தான் 100% என்று எழுதவே முடிகிறது. தாய் அல்பினோ என்றால் பொன்னி ஹெட்டாக இருந்தே ஆக வேண்டும். பொன்னி ஹெட் இல்லையென்றால் தாய் அல்பினோ இல்லை. நீங்கள் இரண்டையும் ஒரே மெயிலில் சொல்கிறீர்கள்: தாய் அல்பினோதான், ஆனால் குட்டிக்கு ஜீன் வராமல் போயிருக்கலாமாம்.

அப்புறம்தான் அந்தத் தாயின் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், இதை அன்றைக்கே செய்யாதது என் தப்பு. மஞ்சளுக்கு நடுவே பால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் லேசான ஊதா, கத்தரிப்பூவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்த மாதிரி. அது அல்பினோ இல்லை, லாவெண்டர் அல்பினோ. பேரில் அல்பினோ இருக்கிறதே ஒழிய ஜீன் முற்றிலும் வேறு. இதைப் பாம்பு வளர்க்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆனவர்கள்கூடச் சொல்வார்கள்.

போட்டோவை மட்டும் வைத்துச் சண்டை போடக் கூடாது என்று பொன்னியும் ஆணும் உரித்த சட்டையில் ஆளுக்கொரு துண்டு வெட்டி ஜீன் டெஸ்ட் செய்கிற லேபுக்கு அனுப்பினேன். இது ஒன்றும் மந்திரம் இல்லை. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்தே சட்டைகளை வாங்கிச் சோதித்து, அல்பினோவுக்குக் காரணம் டிஒய்ஆர் என்ற ஜீன், லாவெண்டருக்கு ஓசிஏ2 என்ற ஜீன் என்று 2022-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். என் ரிசல்ட்: ஆணுக்கு அல்பினோ இரண்டு பிரதி. பொன்னிக்கு அல்பினோ பூஜ்யம், லாவெண்டர் ஒரு பிரதி.

உங்கள் கவுண்ட்டரில் இருப்பவருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். கறுப்பு நிறம் உண்டாவது இட்லி மாதிரி, அரிசியும் வேண்டும், உளுந்தும் வேண்டும். ஒரு வீட்டில் அரிசி இல்லை, இட்லி இல்லை. இன்னொரு வீட்டில் உளுந்து இல்லை, அங்கேயும் இட்லி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பட்டினி வீடுதான். ஆனால் இரண்டு வீடும் சம்பந்தம் செய்தால், பிள்ளைக்கு ஒரு பக்கத்திலிருந்து அரிசி, இன்னொரு பக்கத்திலிருந்து உளுந்து, தட்டு நிறைய இட்லி. அதனால்தான் முழு அல்பினோவையும் முழு லாவெண்டரையும் சேர்த்தால்கூட எல்லாக் குட்டியும் கறுப்பும் பழுப்புமாகப் பிறக்கும், அப்பா அம்மா இரண்டு பேர் சாயலும் இல்லாமல். பொன்னியை அல்பினோ ஆணோடு நூறு வருஷம் சேர்த்தாலும் அந்த ஜோடியில் ஒரு அல்பினோ பிறக்காது.

உங்கள் மற்ற சமாதானங்கள். இன்குபேட்டர் சூடு மாறினால் நிறம் மாறும் என்றீர்கள். சூடு எக்குத்தப்பாகப் போனால் கோடும் புள்ளியும் கொஞ்சம் கோணலாகும், ஜீன் ஓடிப்போகாது. ஆண் போலியாக இருக்கலாம் என்றீர்கள், ரிசல்ட்டை மேலே எழுதிவிட்டேன். கடைசியாகத் தம்பி சொன்னதுதான் கொஞ்சம் நியாயமானது: "லாவெண்டரும் காசு போகிற ஜீன்தானே அண்ணா, உங்களுக்கு நஷ்டம் என்ன?" உண்மைதான், அது மட்டமான ஜீன் இல்லை. ஆனால் டப்பாவில் சரியாக எழுதியிருந்தால் நான் லாவெண்டர் ஆணைத் தேடிப் போயிருப்பேன். அல்பினோ ஆணுக்குக் கொடுத்த காசு, ஐந்து வருஷம், பதின்மூன்று முட்டை, எல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

உங்கள் வெப்சைட்டில் 'பெற்றோர் படத்தைப் பாருங்கள், குட்டியின் நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதையும் மாற்றச் சொல்கிறேன். நீங்களே விற்கிற மொஹாவி என்ற இன்னொரு நிற வகைப் பால் பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு மொஹாவி இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி நீலக் கண்ணோடு கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கிறது, அது எந்தப் பெற்றோரைப் போல? இரண்டு ஹெட் அல்பினோவைச் சேர்த்தால் சாதாரணமாகத் தெரிகிற குட்டிகளில் மூன்றில் இரண்டுக்கு உள்ளே ஜீன் இருக்கும், ஒன்றுக்கு இருக்காது, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் நேர்மையானவர்கள் '66%' என்று எழுதுகிறார்கள். படம் போதும் என்றால் அந்த எண்ணே எதற்கு?

நான் கேட்பது இதுதான். 190 டாலர் வித்தியாசத்தையும் லேப் செலவையும் திருப்பிக் கொடுங்கள், ரசீது இணைத்திருக்கிறேன். அல்லது டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஒரு லாவெண்டர் ஆண் குட்டி கொடுங்கள், அதற்கும் சம்மதம். பொன்னியைத் திருப்பித் தர மாட்டேன், கேட்கவும் வேண்டாம், என் மகள் விடமாட்டாள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தத் தாயின் குட்டிகள் எத்தனை பேருக்குப் போயிருக்கின்றனவோ, அத்தனை பேருக்கும் எழுதுங்கள். அவர்களும் அல்பினோ ஆண் வாங்கிக் காத்துக்கொண்டிருப்பார்கள். ரிசல்ட் வந்த அன்றே, 2023 குட்டிகளை என்னிடம் வாங்கிய நாலு பேருக்கும் போன் செய்து, "அல்பினோ ஹெட் நிச்சயம், அது அப்பா வழி, லாவெண்டர் பாதி வாய்ப்பு, அதைச் சோதித்தால்தான் தெரியும்" என்று சொன்னேன். ஒருவர் சத்தம் போட்டார், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டு கராஜில் நாலு ரேக் வைத்திருக்கிற நானே செய்தேன், நீங்கள் கடையே வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும், வராவிட்டால் கார்டு கம்பெனியிலும் மாநில நுகர்வோர் புகார்ப் பிரிவிலும் இதே காகிதங்களைக் கொடுப்பேன். பில், டப்பா லேபிளின் படம், நீங்கள் அனுப்பிய தாயின் படம், இரண்டு லேப் ரிப்போர்ட், உங்கள் மூன்று மெயில், எல்லாம் இணைப்பில் இருக்கின்றன.

இப்படிக்கு,
பிளேனோவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பொன்னி நேற்று ராத்திரி மறுபடி சட்டை உரித்திருக்கிறாள், தலை முதல் வால் வரை கிழியாமல் முழுசாக. என் லேபில் நம்பிக்கை இல்லையென்றால் சொல்லுங்கள், கவரில் போட்டு அனுப்புகிறேன், உங்கள் செலவில் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.