நாடாளுமன்றத்தில் நம் மாநிலத்துக்காக யார் நிற்பது? மிசிசிப்பி சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஸ்டார்க்வில்லுக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து, ஜாக்சனில் குடியமர்ந்த தமிழன் நான். இங்கே வரி கட்டுகிறேன், வாக்களிக்கிறேன். என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். என் கோரிக்கை ஒன்றுதான். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நம் மாநிலத்தின் பெயரால் நிற்கும் இரண்டு சிலைகளையும் திரும்பப் பெறுங்கள். அந்த இடங்களுக்கு வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரையும் ப்ளூஸ் இசைக்கலைஞர் பி. பி. கிங்கையும் அனுப்புங்கள்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் படித்துவிட்டுத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் பேசட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாநிலமும் தன் வரலாற்றில் பெயர் பெற்ற இருவரின் சிலையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பலாம் என்று 1864இல் சட்டம் வந்தது. மிசிசிப்பி 1931இல் அனுப்பிய இருவர் ஜெஃபர்சன் டேவிஸும் ஜேம்ஸ் சக்கரியா ஜார்ஜும். டேவிஸ் பிறந்தது கென்டக்கியில், ஜார்ஜ் பிறந்தது ஜார்ஜியாவில். ஆனால் அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. இருவரும் சிறுவயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவர்கள். பிறந்த ஊரைக் காட்டி ஒருவரை அயலார் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. ஃப்ளோரிடா 2022இல் சிலை வைத்த கல்வியாளர் மேரி மக்லியட் பெத்யூன்கூட தென் கரோலினாவில் பிறந்தவர்தான். இங்கே வாழ்ந்த மக்களுக்கு இவர்கள் என்ன செய்தார்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும்.

1860 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசிசிப்பியில் இருந்தவர்கள் 7,91,305 பேர். அதில் 4,36,631 பேர் அடிமைகள். அடுத்த ஆண்டு ஜனவரி 9 அன்று மாநிலம் ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று விளக்கிய அறிக்கை, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. டேவிஸ் தன் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். செனட்டர் பதவியை விட்டு விலகி, அந்தப் பிரிவினை அரசுக்கே தலைவரானார். எந்த நாடாளுமன்றத்தை எதிர்த்துப் போர் நடத்தினாரோ, அதே கட்டடத்தில்தான் இன்று நம் சார்பில் நிற்கிறார்.

ஜார்ஜைப் பற்றி அவ்வளவாக யாருக்கும் தெரியாது. எனக்கு அவர் சிலைதான் கூடுதல் வேதனை தருகிறது. 1890இல் இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதக் கூடிய அவையில் 134 பேர் இருந்தார்கள். பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள் வாழ்ந்த மாநிலம் இது. அவையில் இருந்த கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். ஜார்ஜ் அங்கே முன்னின்று வேலை செய்தவர். வாக்களிக்க வேண்டுமா, 2 டாலர் தலைவரி கட்டு. அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசித்துக் காட்டு, இல்லாவிட்டால் வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல். சொன்ன பொருள் சரியா தவறா என்று முடிவு செய்வது பதிவு அலுவலர் கையில். கறுப்பினத்தவர் என்ற சொல் சட்டத்தில் எங்கும் வராமலேயே அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க இது போதுமாக இருந்தது.

72 ஆண்டுகள் கழித்து அந்த விதியின் முன்னால் போய் நின்றவர்தான் ஃபேனி லூ ஹேமர்.

மான்ட்கோமரி கவுண்டியில் 1917இல், விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில் பயிரிட்ட ஒரு குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினேழு பேரோடு ஒரு பழைய பேருந்தில் ஏறி இண்டியனோலா நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் சரியில்லை என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே ஹேமர் வெளியேற்றப்பட்டார். சில நாட்களில் அவர் தங்கியிருந்த வீட்டின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் விடவில்லை. 1963 ஜனவரியில் மறுபடியும் தேர்வெழுதித் தேறினார்.

அந்த ஜூனில் வினோனா சிறையில் அவரைப் போட்டு அடித்த அடி சாகும் வரை உடம்பில் இருந்தது. சிறுநீரகம் கெட்டது, நடை மாறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிக் குழு முன்பு, இதையெல்லாம் தொலைக்காட்சி வழியாக நாட்டுக்கே சொன்னார். குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசர அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி நேரலையைத் திருப்பினார். ஆனால் அன்றிரவே அந்தப் பேச்சு செய்திகளில் ஒளிபரப்பானது. மாநாட்டில் தங்கள் குழுவுக்கு இடம் கேட்டு வந்தவர்களிடம் சமரசமாக இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றபோது, அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மறுத்தார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 7 விழுக்காடுகூட இல்லை. இரண்டே ஆண்டில் அது பாதியைத் தாண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வாக்கு கிடைத்ததும் வயிறு நிறைந்துவிடாது என்று தெரிந்தவர் ஹேமர். சன்ஃப்ளவர் கவுண்டியில் ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து பயிரிடக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். பன்றி வங்கி என்று ஒன்றும் நடத்தினார். ஒரு குடும்பம் பன்றியை வாங்கி வளர்த்து, ஈனும் குட்டிகளில் ஒரு பங்கைத் திருப்பித் தர, அது அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

சரி, இரண்டாவது இடத்துக்கு ஏன் பி. பி. கிங்? இட்டா பெனா அருகே 1925இல் பிறந்து, ஹேமரைத் திருப்பி அனுப்பிய அதே இண்டியனோலா பக்கத்தில் பருத்தி எடுத்து, டிராக்டர் ஓட்டி, தெருமுனையில் கிட்டார் வாசித்துச் சில்லறை சேர்த்தவர் அவர். பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் சேர்வதை எதிர்க்க வெள்ளையர் குடிமக்கள் மன்றம் 1954இல் தொடங்கப்பட்டதும் அந்த ஊரில்தான். உலகமெல்லாம் சுற்றிப் புகழ் பெற்ற பிறகும், கிங் ஆண்டுதோறும் அங்கே திரும்பி வந்து, கொல்லப்பட்ட சிவில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் நினைவாக ஊர் மக்களுக்கு வாசித்தார். 2015இல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். வெளியூரில் மிசிசிப்பி என்று சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ப்ளூஸ் இசை. அதைத் தந்த மண்ணிலிருந்து ஓர் இசைக்கலைஞர் போவது பொருத்தம்.

வேறு பெயர்களும் இருக்கின்றன. ஹாலி ஸ்ப்ரிங்ஸில் அடிமையாகப் பிறந்து, கும்பல் கொலைகளை உலகறியச் செய்த ஐடா பி. வெல்ஸ். நார்மண்டியில் போரிட்டுத் திரும்பி, ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்த எவர்ஸ். நியூ ஆல்பனியில் பிறந்து நோபல் பரிசு வரை போன வில்லியம் ஃபாக்னர். 1830 ஒப்பந்தத்தால் நிலத்தை இழந்த சாக்டா பூர்வகுடி மக்களின் தலைவர்களில் முதன்மையானவரான புஷ்மடாஹா. இவர்களில் ஒருவரை நீங்கள் தேர்ந்தாலும் நான் மகிழ்வேன். ஹேமர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

சிலையை எடுப்பது வரலாற்றை அழிப்பது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். டேவிஸைப் பற்றி என் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும், முழுதாகப் படிக்க வேண்டும். அதற்கு ஜாக்சனில் நம் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 2020இல் பிரிவினை அரசின் சின்னம் கொண்ட பழைய மாநிலக் கொடியை இறக்கியபோது அதை எரிக்கவில்லை. மரியாதையோடு அங்கேதான் கொண்டுபோய் வைத்தோம். சிலைகளுக்கும் அதே ஏற்பாடு போதும். நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் சிலை, இவர் எங்களவர், இவரைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம் என்று மாநிலம் சொல்வதாகும். மக்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கறுப்பினத்தவராக உள்ள மாநிலம், அவர்களை அடிமையாக வைத்திருந்தவரையும் வாக்கில்லாமல் செய்தவரையும் காட்டி அப்படிச் சொல்லக்கூடாது.

வழியும் கடினமானதல்ல. 2000இல் வந்த சட்டப்படி, இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி ஆளுநர் கையெழுத்திட்டால் சிலையை மாற்றக் கேட்கலாம். அலபாமா 2009இல் ஹெலன் கெல்லரை அனுப்பியது. பக்கத்திலிருக்கும் ஆர்கன்சா 2019இல் முடிவெடுத்து, 2024இல் சிவில் உரிமைப் போராளி டெய்சி பேட்ஸையும் பாடகர் ஜானி கேஷையும் அனுப்பியது. முடிவெடுத்த பிறகும் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, பாருங்கள். இங்கேயும் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டன. குழுவைத் தாண்டி வரவில்லை.

ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கும்போது இந்தத் தீர்மானத்தைக் குழுவோடு நிறுத்திவிடாமல் இரு அவைகளிலும் வாக்கெடுப்புக்கு விடுங்கள். ஆதரிப்பவர்கள் ஆதரிக்கட்டும், எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தை அவையிலேயே சொல்லட்டும். என் தொகுதி உறுப்பினர்கள் இருவரையும் கூட்டத்தொடருக்கு முன் நேரில் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜாக்சன் நகர வாக்காளர் ஒருவர்